அரசியின் கடைசி அத்தியாயம்

அந்த அரசியைப் பற்றி நான் முதன்முதலாக அறிந்துகொண்டதே, அவள் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு இருநூறு பிரதி எடுத்ததால்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் மெல்பேர்ணுக்கு வந்து நான்கு மாதமாகியிருந்தது. கணவர் எனக்கு ஒரு வருடம் முந்தி வந்து, டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் படவரைஞராக வேலை செய்துகொண்டிருந்தார். நான் யாழ்ப்பாணம் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், தட்டச்சாளராக இருந்தவள். எங்கள் பிளாட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்பு தள்ளி ஒரு கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே அலுவலகத்தில் மூன்று மாதத்துக்குப் பார்க்கிறோம் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு புனிதையின் பெயர். அது இன்றும் நடக்கிறது, ஆகவே பெயரை எழுதவில்லை. மூன்றாம் நாள் பெற்றோருக்கான கடிதம் ஒன்றை ஸ்டென்சிலில் அடித்து, ரோணியோவில் போட்டு, அழகாக அடுக்கி வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் காலையில் தலைமைச் சிஸ்டர் அந்தக் கட்டோடு என் மேசைக்கு வந்தார்.

அவருக்கு நாற்பது வயது இருக்கலாம். உயரமானவர். அந்தச் சபைக் கன்னியாஸ்திரிகள் அப்போது நீண்ட அங்கியை விட்டுவிட்டு, முழங்காலுக்குக் கீழே நிற்கும் சாம்பல் நிறப் பாவாடையும் தலையில் சிறிய முக்காடுமாக மாறியிருந்தார்கள். சிஸ்டர் நடக்கும்போது அந்தப் பாவாடை அவருடைய நீண்ட எட்டுக்குப் போதாமல் இழுபடும்.

"இவர் யாரென்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கடிதத் தலைப்பில் பள்ளிக்கூடப் பெயரின் மேல் விரலை வைத்துக் கேட்டார். ஆங்கிலத்தில்தான். எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது.

"ஒரு புனிதை."

"அது வாசலில் எழுதியிருக்கிறது. அதற்கு முன்பு?"

தெரியாது என்றேன். நான் சைவக்காரி என்றும் சேர்த்துச் சொன்னேன், அது ஒரு சமாதானமாக இருக்கும் என்று நினைத்து. சிஸ்டர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவர் ஓர் அகதி" என்றார்.

அகதி என்ற சொல்லை நான் கேள்விப்படாதவள் அல்ல. சிறுமியாக இருந்தபோது, ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கிய சனங்களைப் பார்த்திருக்கிறேன். கையில் ஒரு தலையணையை மட்டும் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணை இப்போதும் நினைவிருக்கிறது. ஆனால் ஓர் அரசியை அந்தச் சொல்லோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. சிஸ்டர் சொன்னார்.

ஆயிரம் வருடத்துக்குக் கிட்ட முந்தியது. இங்கிலாந்தை ஆண்ட சாக்சன் அரச குடும்பம் அவளுடையது. தகப்பன் குழந்தையாக இருந்தபோதே நாட்டை விட்டு அனுப்பப்பட்டு, எங்கோ ஹங்கேரியில் வளர்ந்தவர். அவள் பிறந்தது அங்கேதான். அவளுக்குப் பத்து வயதாகும்போது திரும்பி வரச்சொல்லி அழைப்பு வந்தது. வந்து இறங்கிய கொஞ்ச நாளிலேயே தகப்பன் இறந்துபோனார். அவள் வளர்ந்து வரும்போது, கடலுக்கு அப்பாலிருந்து வேறொருவன் படையோடு வந்து நாட்டைப் பிடித்தான். தாய் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினாள். காற்று கப்பலை வடக்கே அடித்துக்கொண்டு போய் ஸ்கொட்லாந்துக் கரையில் விட்டது. அந்த நாட்டு அரசன் மனைவியை இழந்தவன். அவளைக் கேட்டான். அவளுக்கோ மடத்தில் சேரத்தான் ஆசை. ஆனால் அவன் கொடுத்த கூரையின் கீழ் இருந்துகொண்டு, அவனிடம் இல்லை என்று சொல்ல அவள் தம்பிக்கு வழியில்லை.

"அப்படித்தான் அரசியானார்" என்றார் சிஸ்டர். பிறகு எழுந்து, "பள்ளிக்கூடத்துக்கு இருபத்தைந்து வருடம் ஆகிறது. நவம்பர் திருநாளுக்குப் பிள்ளைகள் வாசிக்க அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதுகிறேன். நீங்கள்தான் தட்டச்சு செய்யவேண்டும். பெயர் மனதில் பதிந்துவிடும்" என்றார்.

பிழையான கடிதங்களைக் குப்பையில் போடவில்லை. பின்பக்கத்தைப் பிள்ளைகள் படம் கீறக் கொடுத்தார்.

அன்றிலிருந்து திங்கட்கிழமைகளில் என் மேசையில் நான்கைந்து தாள் இருக்கும். வலப்பக்கம் சரிந்து ஓடும் கையெழுத்து. பின்னேரம் மணியடித்துப் பிள்ளைகள் போன பிறகு நான் அடிப்பேன். சிஸ்டர் தேநீரோடு வந்து யன்னல் பக்கம் நிற்பார். அடித்து முடித்ததை வாங்கி வாசிப்பார். எனக்கு ஏதாவது விளங்காவிட்டால் கேட்பேன்.

அரசனுக்கு எழுத வாசிக்கத் தெரியாது என்று ஒரு தாளில் வந்தது. அவளுக்குப் புத்தகம் என்றால் உயிர். அவள் இல்லாத நேரத்தில் அவன் அந்தப் புத்தகங்களைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்ப்பானாம். அவளுக்கு மிகவும் பிடித்தது எதுவென்று விசாரித்து, அதை முத்தமிட்டு வைப்பானாம். ஒருமுறை ஒன்றைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய், பொற்கொல்லனிடம் கொடுத்துப் பொன்னும் மணியும் பதித்து, திரும்பக் கொண்டுவந்து வைத்தான்.

"அவர் வாசிக்கப் பழகவில்லையா?" என்று கேட்டேன்.

"அரசியின் கதையை எழுதி வைத்தவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை."

அடுத்த வாரம் வந்த தாளில், அவள் அந்த நாட்டுத் திருச்சபைப் பெரியவர்களைக் கூட்டி வைத்து, நோன்பு எப்போது தொடங்குவது என்பது போன்ற விஷயங்களில் மூன்று நாள் வாதாடியிருந்தாள். அவளுக்கு அவர்கள் பாஷை தெரியாது. அவர்களுக்கு அவள் பாஷை தெரியாது. அரசனுக்கு இரண்டும் தெரியும். ஆகவே மூன்று நாளும் அரசன் நடுவில் நின்று மொழிபெயர்த்தான்.

அதை அடிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன என்று சிஸ்டர் கேட்டார். நான் அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்கும் டொக்டர் சொற்களை மென்று மூக்கு வழியாக விடுகிறவர். கச்சேரியில் என் ஆங்கிலத்தை எல்லோரும் மெச்சுவார்கள். இங்கே டொக்டர் சொல்வதில் ஒரு வசனமும் எனக்குப் பிடிபடாது. பக்கத்தில் கணவர் இருப்பார். தொழிற்சாலையில் ஒரு வருடம் இருந்து அவருக்குக் காது பழகியிருந்தது. டொக்டர் ஆங்கிலத்தில் சொல்வார். கணவர் அதை ஆங்கிலத்தில் எனக்குச் சொல்வார். நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். அதைக் கணவர் மறுபடி ஆங்கிலத்தில் டொக்டருக்குச் சொல்வார்.

சிஸ்டர் தேநீர்க் கோப்பையை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

குளிர்காலம் முடியும்போது தாள்கள் வருவது குறைந்தது. மடத்துக்குப் போக விரும்பிய பெண் எப்படி அரசியாக வாழப் பழகினாள் என்ற பகுதியைச் சிஸ்டர் மூன்றுமுறை எழுதிவிட்டார். நாலாம்முறை வந்த தாளில் வெட்டும் திருத்தமுமாக இருந்தது. எந்த வரியை அடிப்பது என்று தெரியாமல் அவருடைய அறைக்கு எடுத்துப் போனேன்.

"இதில் எது சரி, சிஸ்டர்?"

"தெரியாமல்தான் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன்" என்றார். கதவைச் சாத்தச் சொன்னார். "நான் பதினெட்டு வயதில் சபையில் சேர்ந்தேன். என்னை ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. இருபத்திரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தேன். இப்போது போகப்போகிறேன். ரோமாபுரியிலிருந்து அனுமதி வந்துவிட்டது."

எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றமாக்கும் என்றுதான் நினைத்தேன். அவர் கையைத் தூக்கித் தலையிலிருந்த முக்காட்டைத் தொட்டுக் காட்டினார். அப்போதுதான் விளங்கியது. எனக்கு வாயில் வந்தது யாழ்ப்பாணத்துக் கேள்வி ஒன்றுதான். வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. வீட்டுச் சுவரில் நான் கன்னியாஸ்திரியாக முதல் வார்த்தைப்பாடு கொடுத்த நாள் படம் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் துடைக்கிறவர்."

ஏன் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. புத்தகத்தை முடித்துவிட்டுத்தான் போவேன் என்றார். ஒரே ஓர் அத்தியாயம்தான் மிச்சம் இருந்தது.

ஆனால் ஒக்டோபரில் ஒரு திங்கட்கிழமை நான் போனபோது அவருடைய அறை துடைத்து வைத்திருந்தது. சிட்னிக்குப் போய்விட்டார் என்று மற்றச் சிஸ்டர்மார் சொன்னார்கள். என் மேசையில் ஒரு கோப்பும், மடத்து நூலகத்துப் பழைய புத்தகம் ஒன்றும் இருந்தன. புத்தகத்தினுள் ஒரு துண்டுத்தாள் செருகியிருந்தது. 'கடைசி அத்தியாயத்தை நீங்கள் எழுதுங்கள். என்னால் முடியவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து வாசியுங்கள்.'

இதற்கிடையில் வீட்டில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றத் தொடங்கியிருந்தது. கணவர் மீன் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். வயிறு சரியில்லை என்றார். எனக்கு மட்டும் பொரித்துத் தந்தார். குசினி அலுமாரியின் மேல்தட்டில் நாங்கள் சாமிப்படங்கள் வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை அவர் விளக்குக் கொளுத்தவில்லை. எண்ணெய் முடிந்துவிட்டது என்றார். போத்தலில் பாதிக்கு எண்ணெய் இருந்ததை நான் பார்த்திருந்தேன். எனக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. அவருக்கு வேலையில் ஏதும் பிரச்சினையோ, சொல்லாமல் வைத்திருக்கிறாரோ என்றுதான் யோசித்தேன்.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் அலுவலகத்தில் இருந்தபடி அந்தப் பக்கத்தை வாசித்தேன்.

அரசி அரை வருடமாகப் படுக்கையில் இருக்கிறாள். எழும்ப முடியாது. அரசனும் மூத்த மகனும் தெற்கே போருக்குப் போயிருக்கிறார்கள். போகவேண்டாம் என்று அவள் தடுத்தும் அரசன் கேட்கவில்லை. போர் முடிந்து நாலாம் நாள் இளைய மகன் ஒருவன் மட்டும் திரும்பி வந்து கட்டிலருகில் நிற்கிறான். அப்பா எப்படி, அண்ணன் எப்படி என்று கேட்கிறாள். மகன் நல்லாயிருக்கிறார்கள் என்கிறான். அவள் பெருமூச்சு விட்டு, எனக்குத் தெரியும், உண்மையைச் சொல் என்கிறாள். அவன் சொல்கிறான். இருவரும் இல்லை. அவள் அதைக் கேட்டுக்கொண்டு, மன்றாடி, அன்றே கண்ணை மூடுகிறாள்.

புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்கு நடந்தே போனேன். பஸ்ஸை மறந்துவிட்டேன். கணவர் ஐந்து மணி போல வந்தார். வெளியே நல்ல வெயில். அவர் வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, ஊரிலை ஆர்?" என்று கேட்டேன்.

"ஆர் எண்டால்?"

"அப்பாவோ, அம்மாவோ?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. நீர் ஏன் இப்பிடிக் கேக்கிறீர்?"

"இவ்வளவு நாளா மீன் தொடேல்லை நீங்கள். விளக்குக் கொளுத்தேல்லை. நான் வர முந்தி தபால்பெட்டியைத் திறக்கிறியள். எனக்குத் தெரியும். ஆரெண்டு மட்டும் சொல்லுங்கோ."

அவர் ஒரு கால் சப்பாத்தோடு அப்படியே நிலத்தில் உட்கார்ந்தார்.

"அப்பா" என்றார்.

தந்தி அவருடைய வரைகருவிப் பெட்டிக்குள், கவராயத்துக்குக் கீழே மடித்து வைத்திருந்தது. வந்து பதினொரு நாள். ஊரில் எட்டாம் நாள் செய்யும் எட்டுச்செலவும் முடிந்திருக்கும். எனக்காக அவர் தனியே சாவுத் துடக்குக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"டொக்டர்தான் சொன்னவர், இந்த மாதத்திலை அதிர்ச்சியான சேதி ஒண்டும் சொல்லக்கூடாதெண்டு."

"டொக்டர் அப்பிடிச் சொன்னவரோ, நீங்கள் மொழிபெயர்த்தனீங்களோ?"

"நான்தான்" என்றார்.

நான் அழுதது பிறகுதான். முதலில் வந்தது கோபம். தந்தி வந்ததற்கு நாலு நாளுக்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு நீல விமானத்தபால் கடிதம் எழுதியிருந்தேன். இருமல் எப்படி, குளிர்தண்ணீரில் குளிக்க வேண்டாம், பிள்ளைக்கு நல்ல பெயராக ஒன்று பார்த்து வையுங்கோ என்று. அதைக் கணவர்தான் தபாலில் போட்டார். அப்பா ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். கடிதம் வந்தால் அடிமட்டத்தை வரிக்குக் கீழே பிடித்து, ஒவ்வொரு வரியாக இறக்கி வாசிப்பார். அந்தக் கடிதம் போய்ச் சேரும்போது தங்கைதான் உடைத்திருப்பாள். அதை நினைக்க நினைக்கத்தான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

"அதைப் போடாமல் விட்டிருக்கலாமே" என்றேன்.

"கையிலை வைச்சுக்கொண்டு தபால்பெட்டிக்குப் பக்கத்திலை கனநேரம் நிண்டனான். போடாட்டில் நீர் மறுமொழியைப் பாத்துக்கொண்டிருப்பீர். போட்டாலும் பாத்துக்கொண்டிருப்பீர். எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

ஊருக்குப் போவதைப் பற்றி இருவருமே பேசவில்லை. அந்த வயிற்றோடு என்னை விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்குக் கணவர் லீவு போட்டார். டண்டினொங் சந்தையில் கத்தரிக்காய், போஞ்சி, பூசணிக்காய் வாங்கி வந்து இருவருமாகச் சமைத்தோம். மெல்பேர்ணில் அப்போது எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பம் இரண்டுதான். அவர்கள் வந்தார்கள். கீழ்வீட்டு இத்தாலியக் கிழவியையும் கூப்பிட்டோம். யாருக்காக இந்தச் சாப்பாடு என்று கேட்டு அறிந்துகொண்டு, அப்பாவின் படத்துக்கு முன்னால் சிலுவை போட்டுவிட்டுத்தான் அவர் உட்கார்ந்தார்.

ஆனால் அதற்கு முன்பே அந்த அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டேன். இரண்டு நாள் வீட்டில் இருந்தேன். மூன்றாம் நாள் போய்த் தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகினேன். அதுவரை பிறர் எழுதியதை மட்டுமே அடித்த கை. முதல் வரிக்கு ஒரு மணித்தியாலம் போயிற்று.

பழைய புத்தகத்தில் அந்த மகனுக்கு இரண்டே வரிதான். நான் அவனைப் பற்றித்தான் அதிகம் எழுதினேன். நாலு நாள் வழியெல்லாம் அந்தச் சேதியைச் சுமந்துகொண்டு வந்தான். கதவுக்கு வெளியே நின்றான். உள்ளே அம்மா இருமுவது கேட்டது. எப்போது சொல்வது என்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவனை அவள் கேட்டுவிட்டாள். இப்படியெல்லாம் எழுதினேன். எழுதி முடித்தபோது கணவர் மீதிருந்த கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பாதி போயிருந்தது.

பங்குப் பாதிரியார் முதியவர். அச்சுக்குப் போகுமுன் அவர் பார்க்கவேண்டும். வாசித்துவிட்டு அலுவலகத்துக்கு வந்தார்.

"இதைச் சிஸ்டர் போகமுன் எழுதி வைத்தாரா?"

"இல்லை பாதர், நான்தான்."

"நீங்கள் கத்தோலிக்கரா?"

"இல்லை."

தாள்களைக் கொண்டுபோனார். மூன்று நாள் சத்தமில்லை. திரும்பக் கொண்டுவந்தபோது ஒரேயொரு இடத்தில்தான் பென்சில் கோடு இருந்தது. அரசி உண்மையைச் சொன்ன மகனுக்கு நன்றி சொன்னாள் என்று எழுதியிருந்தேன். அவர் அதை வெட்டி, இறைவனுக்கு நன்றி சொன்னாள் என்று திருத்தியிருந்தார்.

"இரண்டு பேருக்கும் சொல்லியிருக்கலாமே, பாதர்" என்றேன்.

அவர் நின்றபடியே யோசித்தார். பிறகு என் பென்சிலை வாங்கி, வெட்டியதை அழித்து, மகனையும் சேர்த்துவிட்டார்.

நவம்பரில் திருநாள் நடந்தது. புத்தகத்தில் எழுதியவர் பெயர் இல்லை. சிஸ்டரின் பெயரைப் போட அவர்களுக்கு விருப்பமில்லை, என் பெயரைப் போட எனக்கு விருப்பமில்லை. கடைசி அத்தியாயத்தை ஒரு சிறுமி மேடையில் வாசித்தாள். நானும் கணவரும் கடைசி வரிசையில் இருந்தோம். அவர் அதை வாசித்திருக்கவில்லை. மகன் கதவுக்கு வெளியே நிற்கும் இடம் வந்ததும் எழுந்து வெளியே போனார். வாசிப்பு முடிந்த பிறகு இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்து பக்கத்தில் இருந்தார்.

"நீர் எழுதினதோ?"

"ஓம்."

"அவன் பாவம்" என்றார். அவ்வளவுதான். நாங்கள் பிறகு அந்த விஷயத்தைப் பேசியதில்லை.

எங்களுக்கு மகன் பிறந்து அவனுக்கு ஒரு வயதானபோது சிட்னியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சிஸ்டர் பிளாக்டவுனில் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். அடுத்த லீவுக்கு நாங்கள் ரயிலில் போனோம். ஸ்டேசனில் நீல நிறக் கவுனும் கத்தரித்த தலைமயிருமாக நின்றவரை எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. அவர்தான் எங்களைக் கண்டுபிடித்தார். தனியே ஒரு சிறிய வீட்டில் இருந்தார். கதிரைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. எல்லாவற்றையும் தானே தேர்ந்தெடுத்து வாங்கியதாக ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார்.

நான் புத்தகத்தைக் கொண்டுபோயிருந்தேன். மகனை மடியில் வைத்துக்கொண்டு கடைசி அத்தியாயத்தை வாசித்தார். ஓரிடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அனாதைக் குழந்தைகளுக்கு அரசி தன் கையால் என்ன ஊட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள்?"

"சோற்றுக் கஞ்சி."

"அந்தக் காலத்து ஸ்கொட்லாந்தில் அரிசி ஏது?"

நான் எட்டிப் பார்த்தேன். அச்சில் அப்படியேதான் இருந்தது. பாதிரியார் வாசித்தார், சிஸ்டர்மார் வாசித்தார்கள், சிறுமி மேடையில் உரக்கவும் வாசித்தாள். ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. கணவர் சிரிக்கத் தொடங்கினார். பிறகு நாங்கள் எல்லோருமே சிரித்தோம். மகனும் என்னவென்று தெரியாமல் கையைத் தட்டினான்.

"உங்கள் அம்மா?" என்று நான் பிறகு கேட்டேன்.

"ஒரு வருடம் பேசவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். வந்து, நான் சமைத்ததில் உப்பில்லை என்கிறார்."

பின்னேர ரயிலுக்கு எங்களை ஏற்றிவிட வந்தார். மகனை ஸ்டேசன் வரைக்கும் அவரே தூக்கிக்கொண்டு நடந்தார். அந்தப் பழைய எட்டுத்தான். புதுக் கவுன் அதற்குத் தாராளமாக இடம் கொடுத்தது.